பாட்டு டி.வி.டி.களைக் காப்பாற்றுவது எப்படி? – பெரிய ஃபைல்களுக்கு ஓர் எளிய பாடம்

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, நம் சங்கத்தின் மூத்த உறுப்பினரான ஓர் அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். வயது எழுபத்தெட்டு. கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரே ஒரு டி.வி.டி.

"தம்பி, இதிலே அவர் பாடினது இருக்கு. பேத்திக்கு வளைகாப்பு வருது. தாத்தா பாட்டை அன்னைக்குப் போடணும்னு ஆசைப்படுறா. வீட்டு மெஷின்ல சுத்திக்கிட்டே இருக்கு, படம் வரமாட்டேங்குது. கொஞ்சம் பாருப்பா" என்றார்.

அவருடைய கணவர் 2007 பொங்கல் விழாவில் நம் சங்க மேடையில் இரண்டு மணி நேரம் பாடியவர். தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கொண்டே சங்கீதம் கற்றவர். அன்று பாடியதுதான் அவருடைய ஒரே பதிவு. அடுத்த சில வருடங்களில் காலமாகி விட்டார். பேத்தி அவர் பாடிக் கேட்டதே இல்லை.

மூன்று நாள் முயன்றேன். இரண்டு வெவ்வேறு டிரைவுகளில் போட்டுப் பார்த்தேன். 118 நிமிடப் பதிவில் 41 நிமிடம் கிடைத்தது. மீதி போனது போனதுதான். அந்த 41 நிமிடத்தைப் போட்டுக் காட்டியபோது அந்த அம்மா கண்ணைத் துடைத்துக் கொண்டு, "இதாவது கிடைச்சுதே தம்பி" என்றார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. ஐந்து வருடம் முன்பே யாராவது அரை மணி நேரம் செலவழித்திருந்தால் முழுக் கச்சேரியும் பிழைத்திருக்கும்.

ஊரை விட்டு வந்து நாக்பூரில் குடியேறிய நம் குடும்பங்களில் இப்படிப்பட்ட தட்டுகள் ஏராளம். பெண்ணின் அரங்கேற்றம், சங்கத்து நவராத்திரிக் கச்சேரி, கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரம், பாட்டி பாடிய தாலாட்டு என்று 2000-க்கும் 2015-க்கும் இடைப்பட்ட காலத்தில் எல்லாவற்றையும் டி.வி.டி.யில்தான் பதிந்து வைத்தோம். அவை இப்போது வயதாகிக் கொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றும் வழியைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கு நிச்சயம் புரியும்.

முதல் பாடம்: தட்டுக்குள் என்ன இருக்கிறது?

டி.வி.டி. என்பது 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் தட்டு. உண்மையில் அது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தட்டுகளை ஒட்டிச் செய்தது. செய்தி இருப்பது நடுவில். சிவப்பு லேசர் ஒளி அதைப் படிக்கிறது. சி.டி.யில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், டி.வி.டி.யில் 0.74 மைக்ரான். அதாவது பாதிக்கும் குறைவு. எல்லாவற்றையும் இப்படி நெருக்கி எழுதியதால்தான் 700 எம்.பி. கொள்ளும் சி.டி. அளவிலேயே 4.7 ஜி.பி. கொள்ளும் டி.வி.டி. வந்தது. இரண்டு அடுக்குள்ள தட்டு 8.5 ஜி.பி. கொள்ளும்.

தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால், 'வீடியோ டி.எஸ்.' என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் மூன்று வகை ஃபைல்கள் இருக்கும். வி.ஓ.பி. என்று முடிபவை படமும் பாட்டும் உள்ளவை. ஐ.எஃப்.ஓ. என்று முடிபவை எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற விவரம் உள்ளவை. பி.யூ.பி. என்று முடிபவை அந்த ஐ.எஃப்.ஓ. ஃபைல்களின் நகல்.

கூட்ஸ் ரயிலை நினைத்துக் கொள்ளுங்கள். வி.ஓ.பி. ஃபைல்கள் சரக்கு வேகன்கள். ஒவ்வொரு வேகனும் ஏறக்குறைய 1 ஜி.பி.க்கு மேல் ஏற்றாது. எனவே ஒரு முழுத் தட்டில் நாலைந்து பெரிய வேகன்கள் வரிசையாக நிற்கும். ஐ.எஃப்.ஓ. என்பது எந்த வேகனில் என்ன சரக்கு என்று சொல்லும் பட்டியல். பட்டியல் தொலைந்தால் சரக்கு இருந்தும் பயனில்லை என்பதால்தான் அதற்குப் பி.யூ.பி. என்று இன்னொரு பிரதி. கவனியுங்கள்: தட்டை வடிவமைத்தவர்களே தட்டுக்குள் ஒரு நகல் வைத்திருக்கிறார்கள். நாம்தான் தட்டுக்கு நகல் வைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. நடுவில் ஒரு வேகனை மட்டும் கழற்றி எடுத்துக் கொண்டு, "பாட்டு வந்துவிட்டது" என்று நினைத்து விடாதீர்கள். ஒரு ராகத்தின் ஆலாபனை ஒரு வி.ஓ.பி.யிலும் அதன் கிருதி அடுத்ததிலும் இருக்கக்கூடும். எடுத்தால் முழு ரயிலையும் எடுக்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: நன்றாகப் பாடிய தட்டு திடீரென்று ஏன் நிற்கிறது?

கடையில் விற்கும் சினிமா டி.வி.டி. அச்சில் வார்த்தது. அதில் உள்ள குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்தவை. நாம் வீட்டில் எழுதும் டி.வி.டி.-ஆர் அப்படியல்ல. அதில் சாயம் போன்ற ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளம் செய்கிறது. சாயம் என்றாலே வெளுக்கும். வெயில், சூடு, ஈரம் மூன்றும் அதற்கு எதிரி. நாக்பூரில் மே மாதம் 45 டிகிரி வெயில் அடிக்கிறது. அந்த வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் தட்டின் கதி என்ன என்று யோசியுங்கள்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. தட்டில் செய்தி எழுதும்போது, பிழை திருத்துவதற்கான உபரிச் செய்தியும் சேர்த்தே எழுதப்படுகிறது. அங்கங்கே சில எழுத்துகள் அழிந்தாலும் பிளேயர் கணக்குப் போட்டு அவற்றை மீட்டுக் கொள்ளும். அதனால் தட்டு கெட ஆரம்பித்த பிறகும் நம் காதுக்கு ஒன்றும் தெரியாது. அழிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் மீட்க முடியாமல் ஒரே நாளில் நின்று விடுகிறது.

தண்டவாளத்திலும் இதே கதைதான். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே மயிரிழை விரிசல் ஓடிக் கொண்டிருக்கும். ஆயிரம் ரயில் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. ஆயிரத்தோராவது ரயிலில் முறியும். அதனால்தான் ரயில்வேயில் கேளா ஒலி அலையை அனுப்பி உள்ளே சோதிக்கிறோம். "நேற்றுகூட ஓடிற்றே" என்பது தண்டவாளத்துக்கும் நற்சான்று அல்ல, டி.வி.டி.க்கும் நற்சான்று அல்ல.

மூன்றாம் பாடம்: அளவுக் கணக்கு

பலர் தடுமாறும் இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தட்டின் உறையில் 4.7 ஜி.பி. என்று போட்டிருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால் 4.37 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. பழைய கெஜக்கோலும் மீட்டர் கோலும் போல. அதே காரணத்தால் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கினால் 931 ஜி.பி. என்று காட்டும்.

இனி ஒலியின் அளவு. டி.வி.டி.யில் சுருக்காத ஒலி என்றால் பெரும்பாலும் வினாடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடது வலது என்று இரண்டு தடங்கள். பெருக்கினால் வினாடிக்கு 15,36,000 பிட். 8-ஆல் வகுத்தால் 1,92,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 691 எம்.பி. சுருக்கிய டால்பி ஒலியாக வினாடிக்கு 256 கிலோபிட் வீதம் எழுதியிருந்தால் மணிக்கு 115 எம்.பி. போதும். மிச்ச இடம் முழுவதும் படத்துக்குப் போகிறது.

ஒரு முழுத் தட்டில் இரண்டு மணி நேரக் கச்சேரி இருந்தால், படமும் பாட்டும் சேர்ந்து வினாடிக்குச் சராசரி 52 லட்சம் பிட் செலவாகிறது. அதனால்தான் கச்சேரித் தட்டுகள் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன. அந்தப் பெருமனில்தான் தம்புராவின் கார்வையும் மிருதங்கத்தின் சாப்பும் இருக்கின்றன. "பெரிதாக இருக்கிறதே, சுருக்கி விடலாம்" என்று அவசரப்படாதீர்கள். அவசரப்பட்டவன் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

அது நான்தான். 2012-ல் என் மகளின் வயலின் அரங்கேற்ற டி.வி.டி.யை ஒரே ஃபைலாக்கிப் பென் டிரைவில் ஏற்றப் பார்த்தேன். ஃபைல் மிகப் பெரிது என்று மறுத்து விட்டது. எங்கோ கிடைத்த ஒரு புரோகிராமை வைத்து, ஒரே பட்டனில் 700 எம்.பி.க்குச் சுருக்கினேன். சின்னத் திரையில் பார்க்கப் படம் நன்றாகவே இருந்தது. வேலை முடிந்தது என்று மூலத் தட்டை உறவினருக்குக் கொடுத்து விட்டேன். அவர் வீட்டில் அது தொலைந்தது. மூன்று வருடம் கழித்து நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேட்ட மகள், "அப்பா, இது என் வயலின் சத்தமே இல்லையே" என்றாள். தம்புரா இருந்த இடத்தில் அடுப்பில் காற்று ஊதுவது போல ஓர் இரைச்சல். தனி ஆவர்த்தனம் தகர டப்பாவைத் தட்டியது போல இருந்தது. திரும்பப் பெற வழியே இல்லை. இந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருந்தால் இக்கட்டுரை எழுதியதன் பலன் எனக்குக் கிடைத்து விடும்.

நான்காம் பாடம்: பிரதி எடுக்கும் முறை

தேவையானவை: ஒரு கம்ப்யூட்டர், டி.வி.டி. டிரைவ், இரண்டு ஹார்ட் டிஸ்க். இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் டிரைவ் இருப்பதில்லை. யு.எஸ்.பி. கேபிளில் பொருத்தும் வெளி டிரைவ் கிடைக்கிறது. ஒரு குடியிருப்புக்கு ஒன்று இருந்தால் போதும். மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

முதலில் தட்டைத் துடையுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். கிராமபோன் ரெக்கார்டைத் துடைப்பது போல வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் ஒரே இடத்துச் செய்தியைத் தொடர்ச்சியாக அழிக்கும். குறுக்குக் கீறலைப் பிழை திருத்தம் சமாளித்து விடும்.

பிரதி எடுக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, 'வீடியோ டி.எஸ்.' ஃபோல்டரை அப்படியே இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போடுவது. எளிய வழி. ஒவ்வொரு தட்டுக்கும் தனி ஃபோல்டர் தொடங்கி அதற்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாத் தட்டிலும் ஒரே பெயருள்ள ஃபைல்கள் என்பதால் ஒன்றன் மேல் ஒன்று எழுதப்பட்டு முந்தையது அழிந்து போகும்.

இரண்டு, முழுத் தட்டையும் ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே ஃபைலாக எடுப்பது. இதை 'பிம்பம்' என்று சொல்லலாம். தட்டில் உள்ளது உள்ளபடி, மெனு உட்பட, ஒரே ஃபைலுக்குள் வந்து விடும். இதற்கு இலவசப் புரோகிராம்கள் உண்டு. அவற்றை நிறுவும்போது கூடவே திணிக்கப்படும் வேறு புரோகிராம்களுக்குச் சம்மதிக்காதீர்கள். விண்டோஸ் 8-லிருந்து ஐ.எஸ்.ஓ. ஃபைலை இருமுறை கிளிக் செய்தாலே தட்டைப் போட்டது போலத் திறக்கும். வி.எல்.சி. பிளேயரும் நேரடியாகப் பாடும். என் பரிந்துரை இந்த இரண்டாவது வழிதான்.

இங்கேதான் அன்று எனக்கு வந்த தடங்கல் உங்களுக்கும் வரக்கூடும். பென் டிரைவில் பத்து ஜி.பி. காலியிடம் இருந்தும், ஃபைல் மிகப் பெரிது என்று மறுக்கும். காரணம் இடம் அல்ல. அந்தப் பென் டிரைவ் 'ஃபேட் 32' என்ற முறையில் வகுக்கப்பட்டிருப்பது. அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட்டைத் தாண்டக் கூடாது. முழுத் தட்டின் பிம்பமோ 470 கோடி. குகையின் உயரத்தை விட வேகன் உயரமாக இருந்தால், குகைக்கு அப்பால் எத்தனை மைல் காலியாகக் கிடந்து என்ன பயன்? அது போலத்தான்.

தீர்வு, டிஸ்க்கை 'எக்ஸ்-ஃபேட்' அல்லது 'என்.டி.எஃப்.எஸ்.' முறையில் ஃபார்மட் செய்வது. ஃபார்மட் செய்தால் அதில் உள்ளது அனைத்தும் அழியும். ஆகவே புது டிஸ்க் வாங்கியவுடன், எதையும் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்து விடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் முதல் வழியில் ஃபோல்டராக எடுங்கள். அதில் வேகன்கள் ஒவ்வொன்றும் 1 ஜி.பி. அளவே என்பதால் ஃபேட் 32 ஏற்றுக் கொள்ளும்.

தட்டு படிக்க மறுத்தால் உடனே மனம் தளர வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிப்பதுண்டு. வீட்டு ரெக்கார்டரில் பதிந்து 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்ட தட்டு என்றால், அதே ரெக்கார்டரில் போட்டு அந்த வேலையை முடித்தால் கம்ப்யூட்டர் படிக்கக் கூடும். உண்மையிலேயே பழுதான தட்டுக்கு லினக்ஸில் 'டி.டி. ரெஸ்க்யூ' என்ற புரோகிராம் இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்து வைத்துக் கொண்டு, கெட்ட பகுதிகளை ஒரு வரைபடத்தில் குறித்துக் கொண்டு, பிறகு அவற்றோடு மல்லுக்கட்டும். அதே வரைபடத்தோடு வேறு டிரைவில் தொடரலாம். அம்மையாரின் தட்டில் 41 நிமிடம் கிடைத்தது இதனால்தான். உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளிடம் சொன்னால் செய்து தருவார்கள்.

ஐந்தாம் பாடம்: கேட்பதற்கு ஒரு சின்னப் பிரதி

பேரக்குழந்தைகள் போனில்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு 4.7 ஜி.பி. அனுப்ப முடியாது. எனவே சின்னப் பிரதியும் வேண்டும். ஆனால் அது மூலப் பிரதிக்குப் பதில் அல்ல. மூலப் பிரதியோடு கூட. இந்த ஒரு வரியை மட்டும் மறக்காதீர்கள்.

சுருக்குவதில் இரண்டு வகை. 'ஃப்ளாக்' என்பது இழப்பில்லாத சுருக்கம். பருத்திப் பொதியை இறுக்கிக் கட்டுவது போல. அவிழ்த்தால் ஒரு இழை குறையாமல் திரும்ப வரும். சுருக்காத ஒலி ஏறக்குறைய பாதி அளவுக்கு வந்து விடும். எம்.பி.3 என்பது இழப்புள்ள சுருக்கம். ஒரு பெரிய சத்தத்தின் மறைவில் ஒளிந்திருக்கும் சின்னச் சத்தம் காதுக்குத் தெரியாது என்று கணக்கிட்டு, அதை எறிந்து விடும். 128 கிலோபிட் எம்.பி.3 என்றால் மூலத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு. பேச்சுக்குப் போதும். சங்கீதத்தில் எறியப்படுவது தெரிய ஆரம்பிக்கும். சுருக்கியதையே மறுபடி சுருக்கினால், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தது போல ஒவ்வொரு முறையும் மங்கும்.

'ஹேண்ட்பிரேக்' என்று ஓர் இலவசப் புரோகிராம் இருக்கிறது. பெயரைப் பார்த்து கார்டு பெட்டிக் கைப்பிரேக் என்று ரயில்வே நண்பர்கள் நினைக்க வேண்டாம். அதில் படத்துக்குத் தர எண் 20 வைத்து, 'டி-இன்டர்லேஸ்' வசதியை இயக்கினால், படம் பெரும்பாலும் பாதிக்கும் குறைவான இடத்தில் அடங்கும். ஒலிக்கு மட்டும் ஒரு விதி: டால்பி ஒலியாக இருந்தால் 'பாஸ்த்ரூ' என்று கொடுங்கள்; ஒலி தொடப்படாமல் அப்படியே போகும். சுருக்காத ஒலியாக இருந்தால் எம்.கே.வி. என்ற வகையைத் தேர்ந்தெடுத்து ஃப்ளாக் கொடுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக் கொள்ளலாம். கச்சேரியில் சத்தம் கெட்டால் மிஞ்சுவது என்ன?

இன்னொரு விஷயம். ஏற்கெனவே டால்பியாகச் சுருங்கிய ஒலியை ஃப்ளாக்காக மாற்றுவதால் தரம் கூடாது. மோரை எவ்வளவு பெரிய பாத்திரத்தில் ஊற்றினாலும் பாலாகாது. இடம்தான் வீண்.

ஆறாம் பாடம்: சரிபார்த்தல்

பிரதி எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சரக்கு ஏற்றிய வேகனை எடை மேடையில் ஏற்றிப் பார்க்காமல் அனுப்புவதுண்டா?

முதல் சோதனை கண்ணும் காதும். ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடத்திலும் இரண்டிரண்டு நிமிடம் போட்டுப் பாருங்கள். கடைசிப் பகுதியை அவசியம் பார்க்க வேண்டும். எழுதிய தட்டில் செய்தி நடுவிலிருந்து வெளிப்புறமாகப் போகிறது. முடிவு விளிம்புக்கு அருகில் இருக்கும். கைபட்டும் உராய்ந்தும் கெடுவது பெரும்பாலும் அந்த இடம்தான். மங்களம் பாடுவது கேட்டால் தட்டு முழுதாக வந்திருக்கிறது என்று தைரியமாக இருக்கலாம்.

இரண்டாவது சோதனை கூட்டு எண். 'ஷா 256' என்ற முறை ஒரு ஃபைலைப் படித்து 64 எழுத்துள்ள ஓர் அடையாளத்தைத் தரும். 470 கோடி பைட்டில் ஒன்று மாறினாலும் அந்த அடையாளம் முழுக்க மாறி விடும். விண்டோஸிலேயே இதற்கு 'சர்ட்யூட்டில்' என்ற கட்டளை இருக்கிறது. முதல் டிஸ்க்கில் உள்ள பிம்பத்துக்கும் இரண்டாவது டிஸ்க்கில் உள்ள பிம்பத்துக்கும் அடையாளம் ஒன்றாக இருந்தால், நகல் பிசகவில்லை என்று பொருள். அந்த அடையாளத்தை ஒரு சிறு ஃபைலில் எழுதிக் கூடவே வைத்து விடுங்கள். பத்து வருடம் கழித்தும் சோதித்துக் கொள்ளலாம்.

ஏழாம் பாடம்: மூன்று, இரண்டு, ஒன்று

எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி விட்டு நிம்மதியாகத் தூங்குவது, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் அடுக்கிய கதைதான். ஒரு தட்டு கெட்டால் ஒரு கச்சேரி போகும். டிஸ்க் கீழே விழுந்தால் இருநூறு கச்சேரியும் போகும். எனவே மூன்று பிரதி; இரண்டு விதமான சாதனம்; ஒன்று வேறு ஊரில். மூலத் தட்டு ஒன்று, வீட்டில் ஹார்ட் டிஸ்க் ஒன்று, வெளியூரில் உள்ள மகனிடமோ திருச்சியில் உள்ள தம்பியிடமோ இன்னொரு ஹார்ட் டிஸ்க். ஆகவே பிரதி எடுத்த பிறகும் தட்டைத் தூக்கி எறியாதீர்கள். உறையில் போட்டு, செங்குத்தாக நிறுத்தி, குளிர்ந்த இருட்டான அலமாரியில் வையுங்கள். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்.

இன்டர்நெட்டில் சேமிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. அதில் உங்கள் மின்னஞ்சலும் போட்டோவும் சேர்த்தி. மூன்று தட்டோடு நிரம்பி விடும். மேலேற்றும் வேகம் 20 மெகாபிட் என்றால் ஒரு தட்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிக அருமையான ஒன்றிரண்டு பதிவுகளுக்கு அந்த வழி நல்லது.

ஹார்ட் டிஸ்க்கை வருடத்துக்கு ஒரு முறையாவது இயக்கிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் விஜயதசமியை அதற்கு நாளாக வைத்திருக்கிறோம். சரஸ்வதி பூஜையில் புத்தகங்களோடு ஹார்ட் டிஸ்க்கும் அடுக்கப்படும். மறுநாள் எடுத்து, ஏதாவது இரண்டு கச்சேரியைப் போட்டுக் கேட்போம். பூஜைக்குப் பூஜையும் ஆயிற்று, பரிசோதனைக்குப் பரிசோதனையும் ஆயிற்று.

எட்டாம் பாடம்: பெயரும் பேரேடும்

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள். 2007-01-15 என்று வைத்தால் தானாகவே கால வரிசையில் நிற்கும். பிறகு இடம், பாடியவர். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தாளில் யார் பாடினார், யார் வயலின், யார் மிருதங்கம், என்னென்ன உருப்படிகள் என்று எழுதி வையுங்கள். இதுதான் அவசரமான வேலை. ஃபைலை நாளைக்கும் பிரதி எடுக்கலாம். "பக்கத்தில் தம்புரா போடுவது யார்?" என்று கேட்டால் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மோடு எத்தனை நாள் இருப்பார்கள்?

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சொன்னதெல்லாம் நாமே பதிந்த நிகழ்ச்சிகளுக்கு. கடையில் வாங்கிய டி.வி.டி.களில் பூட்டு இருக்கும். உரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பது 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். நம் சொந்தப் பதிவிலும் பாடியவருக்கு உரிமை உண்டு. 1994-ல் வந்த திருத்தம் கலைஞர்களின் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. வீட்டில் வைத்துக் கேட்பது வேறு. ஊரறியப் போடுவது வேறு. போடுவதற்கு முன் அந்த வித்வானிடமோ அவர் குடும்பத்திடமோ ஒரு வார்த்தை கேட்டு விடுவது சட்டத்துக்கும் அழகு, மரியாதைக்கும் அழகு.

ஒரு பயிற்சிக் கணக்கு

ஒரு வீட்டில் 30 சாதாரணத் தட்டும் 6 இரட்டை அடுக்குத் தட்டும் இருக்கின்றன. எல்லாம் நிறைந்த தட்டுகள். எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டும்? எத்தனை நாள் ஆகும்?

விடை: 30 × 4.7 = 141. 6 × 8.5 = 51. மொத்தம் 192 ஜி.பி. சின்னப் பிரதிகளுக்கு அதில் பாதியைச் சேர்த்தால் 288. ஆகவே 500 ஜி.பி. டிஸ்க் இரண்டு தாராளமாகப் போதும். ஒரு தட்டுக்குத் துடைப்பது, எடுப்பது, சோதிப்பது எல்லாம் சேர்த்து அரை மணி என்று வைத்தால் 36 தட்டுக்கு 18 மணி நேரம். தினம் மாலை இரண்டு தட்டு வீதம் 18 நாள். தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் நேரத்தில் இதை முடித்து விடலாம்.

எந்தத் தட்டில் தொடங்குவது என்று கேட்பீர்கள். பழையதிலும், வேறு எங்கும் பிரதி இல்லாததிலும், பாடியவர் இப்போது நம்மிடையே இல்லாததிலும் தொடங்குங்கள். கடையில் மறுபடி வாங்கக் கூடியதைக் கடைசிக்கு விடுங்கள்.

வளைகாப்பு அன்று அந்த 41 நிமிடத்தையும் போட்டார்கள். கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. பாட்டு பாதியில் நின்றதும் பேத்தி கேட்டாள்: "அப்புறம் தாத்தா என்ன பாடினார் பாட்டி?" பாட்டிக்கு நினைவில்லை. எனக்கும் நினைவில்லை. அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்குங்கள். முதல் தட்டை எடுங்கள். முடியாதவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லி அனுப்புங்கள்; டிரைவை எடுத்துக் கொண்டு நானே வீட்டுக்கு வருகிறேன். ஒரு டம்ளர் காபி கொடுத்தால் போதும்.